சிறிய அரங்கில் ஐந்து இருக்கைகள்

சாய்சரணுக்கு மனிதர்களைப் பிடிக்காமல் போனதற்குத் திரைப்படச் சங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முன்பும் பிடிக்காது. ஆனால் பொத்தாம் பொதுவாக இருந்த அந்த வெறுப்பை, ஆள் ஆளாகப் பெயர் சொல்லி வெறுக்கிற அளவுக்குச் செம்மைப்படுத்தியது அந்தச் சங்கம்தான்.

காப்பீட்டு அலுவலகத்தில் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. மயிலாப்பூர் திரைச்சுவைச் சங்கத்துக்குப் பத்து வருஷமாகச் செயலாளர். தி. நகரில் ஒரு ப்ரிவியூ தியேட்டரை மாதம் இரண்டு மாலை வாடகைக்கு எடுத்து, தூதரகங்களிலிருந்து தகரப் பெட்டிகளில் வரும் படங்களைப் போடுவார்கள். தணிக்கை வெட்டாத படம் என்பதற்காகவே சேர்ந்தவர்கள் உறுப்பினரில் பாதி. கதாநாயகனும் கதாநாயகியும் ஜன்னல் பக்கம் நின்று பேசிக்கொண்டே இருக்கப் போகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், இருட்டில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் கேட்கும். மிச்சப் பாதி, மறுநாள் அலுவலகத்தில் "நேத்து ஒரு ஹங்கேரியன் படம் பார்த்தேன்" என்று சொல்லிக்கொள்வதற்காக வந்தவர்கள். எது பரவாயில்லை என்று சாய்சரண் யோசித்திருக்கிறான். நாற்காலியை மடக்குகிறவர்களிடமாவது ஒரு நேர்மை இருப்பதாகத் தோன்றும்.

அவனுக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. கல்லூரி நாட்களில், நூலகத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றைப் புரட்டியபோது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் மயிலாப்பூரிலேயே எடுக்கப்பட்ட ஒரு பேசாப்படத்தைப் பற்றி நாலு வரி படித்தான். படம் அழிந்துவிட்டது. எடுத்தவர் யார் என்றுகூட யாருக்கும் தெரியாது. அந்த நாலு வரி அவனை விடவில்லை. ஐரோப்பாவில் உள்ள படக் காப்பகங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினான். அளந்து எடுத்த ஆங்கிலம், அடிக்குறிப்புகளோடு. வருஷக்கணக்கில் எழுதினான். கடைசியில் வட இத்தாலியில் ஒரு சிறிய ஊரிலிருந்து பதில் வந்தது. அங்கே ஆண்டுதோறும் பழைய படங்களுக்காக ஒரு விழா நடத்துகிறார்கள். ஒரு நிலவறையில் கிடந்த பெட்டியில் அந்தப் படத்தின் ஒரு சுருள் அகப்பட்டிருக்கிறது. பதினோரு நிமிஷம் ஓடும். வரும் அக்டோபரில் ஒரே ஒரு முறை திரையிடப் போகிறார்கள். சுருள் நொறுங்கும் நிலையில் இருப்பதால் அதற்கப்புறம் வெளியே எடுக்க மாட்டார்கள்.

அழைப்பு சங்கத்தின் பெயருக்கு வந்திருந்தது. ஐந்து பேர் குழுவாக வந்தால் தங்குமிடமும் அனுமதிச் சீட்டும் இலவசம். தனியாகப் போவது அவன் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே இன்னும் நான்கு பேர் வேண்டியிருந்தது. சங்கத் தலைவர் வேதாந்தம், பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர், முதல் ஆளாகக் கை தூக்கினார். அவர் மனைவி ஜலஜா மாமி. அவர் மருமான் நிரஞ்சன், சங்கத்தின் பொருளாளர். நிரஞ்சனின் மனைவி ஹம்சினி. சாய்சரணின் பதினைந்து வருஷத் தவத்தில் ஒரு குடும்பம் உல்லாசப் பயணம் கிளம்பியது.

வடக்கு மாட வீதியில் வேதாந்தத்தின் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். விழாவிலிருந்து வந்திருந்த நிகழ்ச்சி நிரலை சாய்சரண் விரித்து வைத்தான். பெரிய அரங்கு ஒன்று, சிறிய அரங்கு ஒன்று. இரண்டிலும் ஒரே நேரத்தில் வேறு வேறு படங்கள். குழுவாக வருகிறவர்கள் ஒரே தாளில் பதிய வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு படம்தான், ஐவருக்கும் சேர்த்து. ஃபேக்ஸ் வந்து சேருகிற வரிசைப்படி இடம்.

"அத்தனை நாளும் சினிமாவேதானா? வெனிஸ் எப்போ போறது?" என்றாள் ஜலஜா மாமி.

"வெனிஸ் கடைசில மாமி. மொதல்ல இதைப் பதிஞ்சுடலாம்."

"இதுல கலர் ஏதாவது உண்டா சாய்?" என்று கேட்டான் நிரஞ்சன்.

"எல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்னால எடுத்தது."

"அதான் கேக்கறேன். முன்னாடியே சொல்லிட்டா மனசைத் தேத்திப்பேன் பாரு."

சிக்கல் மூன்றாம் நாள் மாலையில் இருந்தது. சிறிய அரங்கில் மெட்ராஸ் சுருள். அதே நேரத்தில் பெரிய அரங்கில் ரோமாபுரி பற்றிய மூன்று மணி நேரப் பிரம்மாண்டம். யானை, தீ, அறுபது பேர் வாத்தியக் கோஷ்டி, முடிந்ததும் நகர மேயரின் விருந்து.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வேதாந்தம். "மெட்ராஸைப் பாக்கறதுக்கு இத்தாலி போவாளா யாராவது? வாசல்ல எறங்கினா மெட்ராஸ் மேல வந்து இடிக்கறது."

எல்லோரும் சிரித்தார்கள். ஹம்சினி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

சாய்சரண் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்குக் கைவந்தது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும்படி ஓர் அறையை ஆக்கிவிடுவான். அந்த மௌனத்துக்குள் அவன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பாலத்தைக் கட்டியவர் பாலத்துக்கு மேல் எதையும் யோசித்ததில்லை. மாமிக்கு இத்தாலி என்பது பாத்திரக்கடை மாதிரி, போனால் ஏதாவது வாங்கலாம். நிரஞ்சனுக்கு... நிரஞ்சனைப் பற்றி யோசிப்பதே வீண்.

ஜலஜா மாமிதான் முதலில் தாங்காமல் வாயைத் திறந்தாள். "பாவம்னா. அவன்தானே இத்தனை லெட்டரும் எழுதினான். ஒரு தடவை அவன் இஷ்டத்துக்குப் போட்டுடுங்கோ. பதினோரு நிமிஷம்தானே, கண்ணை மூடிண்டு உக்காந்துண்டா ஆச்சு."

அந்த "பாவம்" இருக்கிறதே, அதைத்தான் சாய்சரணால் பொறுக்க முடியவில்லை. ஆனால் காரியம் ஆயிற்று. வேதாந்தம் பெருந்தன்மையாகத் தலையசைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எட்டிப் பார்த்தார்.

"என்னிக்கு அனுப்பணும்?"

"வியாழக்கிழமை. அங்க காலம்பற பத்து மணிக்குப் பதிவு தொடங்கறது. நமக்கு அப்போ மத்தியானம் ஒன்றரை."

"வியாழன் ஒன்றரைலேந்து மூணு ராகு காலம். மூணு அடிச்சப்புறம் அனுப்பு."

"சார், சின்ன ஹால். வர வரிசைல எடம். ஒன்றரை மணி நேரத்துல ரொம்பிடும்."

"ரொம்பாது."

"இத்தாலில அப்போ ராகு காலமே இல்லையே சார்."

"ஃபேக்ஸ் எங்கேந்து கெளம்பறது? மயிலாப்பூர்லேந்துதானே? கெளம்பற எடத்து நேரத்தைத்தான் பாக்கணும். பிளேன்ல போறவனுக்கும் அதான், பேப்பருக்கும் அதான்."

வாழ்நாளில் ஒரு முறையாவது தன் நம்பிக்கையைச் சந்தேகித்துப் பார்த்திராத மனிதரின் முகம் எவ்வளவு வழவழப்பாக இருக்கும் என்பதை சாய்சரண் அப்போது கவனித்தான். "சரி சார்" என்றான்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, லஸ் முனையில் கோதண்டபாணியின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான். சங்கத்தின் கடிதப் போக்குவரத்தெல்லாம் அந்த ஃபேக்ஸ் இயந்திரத்தில்தான். சரியாக ஒன்றரைக்குத் தாள் உள்ளே போயிற்று. அவன் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் உறுமி, சுருண்டு சுருண்டு ஒரு பதில் வந்தது. சிறிய அரங்கில் ஐந்து இருக்கைகள், பதிவு உறுதி. கீழே, விழா அலுவலகத்திலிருந்து எலெனா என்று கையெழுத்து.

"நல்ல நூஸா சார்?" என்றான் கோதண்டபாணி. "மூஞ்சி பல்பு மாரி கீது."

சாய்சரண் தாளை இன்னொரு முறை படித்தான். உண்மையில் அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பேசாமல் இருப்பதையே ஆயுதமாக வைத்திருந்தவன் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தான். நேரே வடக்கு மாட வீதிக்குப் போனான். வேதாந்தம் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

"வா. இன்னும் நாழி இருக்கு. காபி சாப்டுட்டு நானும் கூட வரேன்."

"வேண்டாம் சார். அனுப்பியாச்சு. பதிலும் வந்தாச்சு." பதிவுத் தாளையும் பதிலையும் சேர்த்து நீட்டினான். "நட்ட நடு ராகு காலத்துல. ராகு ஒண்ணும் பேப்பரைக் கடிச்சுத் தின்னுடல்லை."

வேதாந்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதில் தாளின் தலையில் அச்சாகியிருந்த நேரத்தை நிதானமாகப் படித்தார். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அப்படியா. பேஷ்," என்றார். "காபி ஆறிடும், குடி."

இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டான் சாய்சரண். நம்பிக்கை என்கிறார்கள், ஒரு கேலிக்குத் தாங்கவில்லை. காபியை ரசித்துக் குடித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் கோதண்டபாணி அலுவலகத்துக்குப் போன் செய்தான். "சார், இத்தாலிலேந்து ஒனக்குக் காயிதம் வந்து கீது. அர்ஜென்ட்டுன்னு மேலயே போட்டுக்கீறான்."

எலெனாதான் எழுதியிருந்தாள். உங்கள் தலைவரிடமிருந்து இரண்டாவதாக ஒரு ஃபேக்ஸ் வந்தது. முதலில் அனுப்பியதை ரத்து செய்யும்படியும் இதையே ஏற்கும்படியும் கேட்டிருந்தார். நாங்கள் ரத்து செய்துவிட்டோம். ஆனால் இரண்டு தாளிலும் தேர்வுகள் ஒன்றேதான். அதற்குள் சிறிய அரங்கு நிரம்பிவிட்டதால் உங்கள் குழுவைப் பெரிய அரங்குக்கு மாற்றியிருக்கிறோம். எனக்கு இது விளங்கவில்லை. இது உங்கள் ஊர்ப் படம், உங்கள் கடிதங்களால்தான் நாங்கள் அதைத் தேடினோம். ஊழியர்களுக்கான இருக்கைகள் சில கைவசம் உள்ளன. என்ன நடந்தது என்று இன்று மாலைக்குள் ஒரு வரி எழுதுங்கள். விழா இயக்குநரிடம் காரணம் சொல்லாமல் நான் கேட்க முடியாது. கேட்டால் மறுக்க மாட்டார்.

"பெரியவர் வந்திருந்தாரா?" என்று கேட்டான் சாய்சரண்.

"அன்னிக்கே வந்தாரே. மூணு அடிச்சதும் வந்துட்டாரு. மொதல்ல போனது செல்லாது, அது கெட்ட நேரத்துல போய்ச்சு, கேன்சல் பண்ணிட்டு இத்த அனுப்புன்னாரு. அதே காயிதம் சார். நான் கூடக் கேட்டேன், இன்னா நைனா, அதேதானே, எதுக்கு ரெண்டு தபான்னு. ஒனக்குத் தெரியாது, அனுப்புடான்னுட்டாரு."

சாய்சரண் ஒரு வெள்ளைத் தாளை வாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டிருக்கிறாள்.

"எங்கள் சங்கத் தலைவர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். "ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் தீயது என்று நம்புகிறவர். முதல் ஃபேக்ஸ் அந்த நேரத்தில் அனுப்பப்பட்டதால், அதையே ரத்து செய்து மறுபடி..."

பேனா நின்றது. "எங்கள்" என்ற வார்த்தையைப் பார்த்தபடி இருந்தான். எலெனா இதை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் படித்துக் காட்டுவாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணத்தோடு இருக்காது. அவர்கள் சிரிப்பார்கள். அடிக்குறிப்போடு எழுதிய அத்தனை கடிதங்களும் இந்த ஒரு தாளுக்கு அடியில் போய்விடும். அந்த ஊரில் ரயிலை விட்டு இறங்கும்போது அவன் ஆய்வாளனாக இருக்க மாட்டான், ராகு காலக் கோஷ்டியில் ஐந்தாவது ஆளாக இருப்பான். தாளைக் கசக்கினான்.

"இன்னா சார், இவ்ளோ ரோசனை?" என்றான் கோதண்டபாணி. "எழுத வராட்டி யாராச்சும் செத்துட்டாங்கன்னு எழுது. ஃபாரின்காரன் எரக்கப்படுவான்."

சாய்சரண் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பொய் சொல்வதை அவன் தரக்குறைவாக நினைத்தான். அதுவும் பூத்காரன் சொல்லிக் கொடுக்கிற பொய்.

எழுத்தர் பிழை என்று போடலாம். கண்ணியமான சொல், எந்த அலுவலகத்திலும் செல்லும். இரண்டு வார்த்தை எழுதிய பிறகுதான் உறைத்தது: சங்கத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன் அவன் ஒருவன்தான். வேதாந்தத்தின் முட்டாள்தனத்தைத் தன் பெயரில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதையும் கசக்கினான்.

அவனுக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்து நின்றாள். பெண்ணின் ஜாதகத்தை அமெரிக்காவுக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டுமாம். "செத்த சீக்கிரம் ஆகுமா? பிள்ளையாத்துல காத்துண்டிருக்கா," என்றாள். தாளை உறையிலிருந்து எடுத்து, மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொண்டாள். இயந்திரம் மஞ்சளையும் அனுப்பும் என்று நினைக்கிறாள் போலும். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தான் யாரிடம் எதைக் கெஞ்சுவது என்று சாய்சரணுக்குத் தோன்றியது.

ராகு பேப்பரைத் தின்னவில்லை என்று அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதை முழுதாக எழ விடாமல் பேனாவை எடுத்தான்.

"அன்புள்ள எலெனா, எங்கள் குழுவின் மாற்றப்பட்ட ஏற்பாடு சரியானதே. பெரிய அரங்கில் அளித்த இருக்கைகளுக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன்." கையெழுத்துக்குக் கீழே "செயலாளர்" என்று எழுதினான். பிழையில்லாத, நல்ல ஆங்கிலம். ஒரு முறை படித்துப் பார்த்ததில் திருப்தியாகவே இருந்தது.

கோதண்டபாணி தாளை உள்ளே செலுத்தினான். அது மெதுவாக நகர்ந்து மறுபக்கம் வந்து விழுந்தது.

"போய்ச்சு சார். சீட்டு கெட்ச்சிடும்ல?"

"கிடைச்சாச்சு," என்றான் சாய்சரண்.

ஜாதக அம்மாளுக்கு இடம் விட்டு வெளியே வந்தான். வேதாந்தம் வீட்டில் அன்று சாயங்காலம் மறுபடியும் கூட்டம். மேயர் விருந்துக்கு ஜலஜா மாமி எந்தப் புடவை கட்டுவது என்பதுவரை பேசுவார்கள். பெரிய அரங்கு கிடைத்ததே நல்ல நேரத்தில் அனுப்பியதால்தான் என்று வேதாந்தம் நான்கு தடவை சொல்வார். அவனும் போய் உட்கார வேண்டும்.

இத்தனை பேரில் சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றியவன் தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டு நடந்தான். தெருமுனை வரைக்கும் அந்த நினைப்பு அவனுக்குத் துணையாக வந்தது.