டெனர் வரிசையில் பிரேமலதா

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. போன சனிக்கிழமை மதியம், திருவெறும்பூர் மெக்கானிக் கடையில் கிடந்த என் பைக்கை எடுத்துவரக் கிளம்பினேன். எங்கள் தென்னூர்த் தெருவில் மைக்செட் வைத்திருக்கும் பரக்கத் அலி தன் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு தேவாலயத்தில் அவருக்கு ஸ்பீக்கர் கட்டும் வேலை இருந்தது. மறுநாள் அங்கே, விளைந்த காய்கனிகளைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை ஆராதனை.

"பத்து நிமிஷம்தான் சார்" என்றார். மூன்று மணி நேரம் ஆனது. நல்லவேளை.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் வெயில் உருகி...'

(அடித்துவிட்டேன். அங்கே இருந்தது இரும்புக் கிராதி ஜன்னல். அதில் யாரோ வாழைத்தாரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.)

ஒரு மூலையில் பாடகர் குழு ஒத்திகை. பிரேமலதா மட்டும் தனியாகப் பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது. தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். பதினெட்டு வருஷம் குழுவின் உச்சக்குரல் அவருடையதுதான். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் கட்டி எடுத்தார்கள். பேச்சு மெல்லத் திரும்பியது. பாட்டுப் பக்கம் அவர் திரும்பவில்லை.

குழுத்தலைவர் அன்புச்செல்வன்தான் இதையெல்லாம் சொன்னார். "கூப்பிட்டுப் பாத்துட்டோம் சார். வரமாட்டேங்குறாங்க."

3

முதல் வரைவில் பரக்கத் அலியை ஞானியாக்கியிருந்தேன். அந்த அம்மாவின் வலியை உணர்ந்து அவர் மைக்கை நீட்டுவதாக...

பொய். அவருக்கு எதுவும் தெரியாது. மைக்கைச் சோதிக்க ஆள் வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் பிரேமலதா.

"அக்கா, இதுல ஏதாச்சும் பேசுங்க."

"வேற யாரையாச்சும் கூப்பிடுங்க தம்பி. எனக்குத் தொண்டை சரியில்ல."

"இங்க ஒயரே சரியில்லக்கா. அதப் பாக்கத்தான்."

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணினார். கரகரத்த, கனமான குரல். பரக்கத் அலி எதையோ திருகி, "இன்னும் கொஞ்சம்" என்றார். இருபது வரை எண்ணி அலுத்துப்போய், ஒரு கீர்த்தனையின் முதல் வரியைப் பாடினார் பிரேமலதா. பழைய உயரத்துக்கு ஏறினார். குரல் உடைந்தது.

(இங்கே நானும் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் எழுதவில்லை.)

அவர் மறுபடி ஆரம்பித்தார், வெகு கீழே இறங்கி. அங்கே குரல் அசையாமல் நின்றது. முழு வரியையும் பாடி முடித்தார்.

ஒத்திகை நின்றுபோயிருந்தது. அன்புச்செல்வன் வந்தார்.

"அக்கா, டெனருக்கு ஆள் பத்தல."

"ஆம்பளைங்க வரிசையிலயா?"

"நடுவுல இடம் இருக்கு."

"மீசை வைக்கச் சொல்லமாட்டீங்களே?"

குழுவே சிரித்தது. பிரேமலதா கையிலிருந்த பூசணிக்காயை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

4

முடிவு ஒன்று: பழைய குரல் திரும்புகிறது, சபையே அழுகிறது. (இல்லை. அது திரும்பவில்லை. யாரும் அழவுமில்லை.)

முடிவு இரண்டு: கடைசி நொடியில் அவர் பயந்துபோய்...

(வேண்டாம்.)

ஞாயிறு எட்டு மணிக்கு நானே போனேன். உயரமான இரண்டு ஆண்களுக்கு நடுவே, பச்சைப் பட்டுப்புடவையில் நின்றார் பிரேமலதா. இரண்டாம் சரணத்தில் அவர்கள் இருவருமே அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பாடினார்கள். அவருக்கும் அது தெரிந்திருந்தது, முகத்தில் இருந்தது.

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று பத்து வாக்கியம் எழுதிப் பார்த்தேன். எல்லாமே உச்சத்தில் கத்துகின்றன. கீழ்ச்சுருதியில் ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்தால் இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: