இரண்டாகத் தெரிந்த கோடு

தங்கைக்கு நிச்சயம் ஆன நாளிலிருந்தே எனக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம்தான். கேட்டதற்கு மேல் இரண்டு வார்த்தை சேர்த்துப் பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது? உனக்கு யாரைத்தான் பிடித்தது என்பாள் தங்கை. அதுவும் நியாயம்தான். எதிர்வீட்டுப் பூனையைக்கூட நான் நம்புவதில்லை.

அவனுக்கும் எனக்கும் ஒரே வானாய்வகத்தில் வேலை. எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அதன் குவிமாடம் தெரியும். இரவில் தொலைநோக்கி வழியாக நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலையாகப் பதிவு செய்வது அவன். பகலில் அந்தப் பதிவுகளை அளப்பது நான். இந்த மாதம் எங்கள் கையில் இருந்தது ஒரு நீலவெள்ளை நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. கொதிக்கிற இரண்டும் மிக நெருக்கத்தில் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று நம்மை நோக்கி வர, மற்றது விலகிப் போகும்போது நிறமாலையில் தெரியும் கருங்கோடு இரண்டாகப் பிரியும். இரண்டும் நமக்குக் குறுக்கே போகும்போது மறுபடி ஒரே கோடாகிவிடும்.

அவனுக்கு டியூட்டி இருக்கும் இரவுகளில் தங்கை மாடிக்குப் போய் அந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். அவனும் அங்கே அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பானாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவளோ உருகிப்போனாள்.

போன வியாழக்கிழமை இரவு தங்கை கூப்பிட்டும் அவன் போனையே எடுக்கவில்லை. கேட்டதற்கு டியூட்டி என்றான். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்த இரவின் பதிவைத் திறந்தேன். இரண்டு கோடுகள், தெள்ளத்தெளிவாக. சே, அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று மனசு இளகியது. டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினேன். அந்த இரவு இரண்டும் குறுக்கே போகிற நேரமாயிற்றே! கோடு ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

பழைய பதிவுகளோடு வைத்துப் பார்த்தேன். முந்தின வாரம் எடுத்ததுதான், புள்ளி பிசகாமல். இரட்டை நட்சத்திரம் என்றால் இரண்டு கோடு இருந்தால்தான் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று, இருப்பதிலேயே நன்றாக வந்ததைப் பொறுக்கித் தேதியை மாற்றியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது தங்கையை வைத்துக்கொண்டே கேட்டேன். முகம் வெளுத்தாலும் பதில் தயாராக இருந்தது. வியாழக்கிழமை வானம் முழுக்க மேகமாம். குவிமாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தானாம். மேலதிகாரி திட்டுவாரே என்று பயந்து பழையதைப் போட்டுவிட்டானாம்.

"செஞ்சது தப்புதான், அக்கா. ஆனா நான் அங்கதான் இருந்தேன்," என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை பேசினாள்.

"மேகமே இல்லைங்க. நட்சத்திரம் நல்லாத் தெரிஞ்சுது. குவிமாடம்தான் கடைசிவரைக்கும் தெறக்கவே இல்ல."

அவள் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவன் குடிக்காமல் வைத்திருந்த காபி டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமையிலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் ஒரே அறையில், எனக்கு எதிரிலேயே சாப்பிட்டு, பக்கத்திலேயே படுத்திருந்தாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று அவன் போன பிறகு கேட்டேன்.

"சொன்னா இதை மட்டும் நீ உடனே நம்பிடுவியே, அக்கா. அப்புறம் நானும் நம்பணுமே," என்றாள்.