காக்காவின் ஒரு வாக்கியம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: மேற்குச் சுவரோரம் நிக்காஹ் நடத்திவைக்க வந்த ஹஸ்ரத். அவருக்கு வலப்பக்கம் சாட்சிகள் அகமது மீரானும் நூகும். எதிரே மாப்பிள்ளை யூனிஸ். வாசலை ஒட்டி, கையில் போனுடன், சேக் முகம்மது ஆகிய நான். உள்ளறைத் திரைக்குப் பின்னால் மணப்பெண் ஸமீஹாவும் அவள் உம்மா மஹ்மூதா பீவியும்.

ஸமீஹாவின் வாப்பா தாஜ் முகம்மது என் காக்கா, உடன்பிறந்த அண்ணன். கத்தார்க் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. அங்கிருந்து இணையத்தில் மட்டுமே பேச முடியும். மகளை நிக்காஹ் செய்து கொடுக்கத் தம்பிக்கு அனுமதி தருவதாக அவர் சொல்ல வேண்டும். சபையிலேயே அது இரண்டு சாட்சிகள் காதிலும் விழ வேண்டும். இதற்கென்றே மேலப்பாளையம் வீட்டுக்குப் புது இணைப்பு வாங்கினோம். காக்காவுக்குக் கிடைத்தது நாலிலிருந்து ஐந்து மணிவரை. அதற்கு மேல் அன்றைக்குப் போன் கிடையாது. யூனிஸுக்கு மறுநாள் காலை விமானம்.

நாலு மணி தாண்டி இரண்டாவது நிமிடம் லைன் கிடைத்தது.

"என் ம... க்காஹ்... பிக்கு..."

"கேட்டுதா?" என்றார் ஹஸ்ரத்.

"கிணத்துக்குள்ள தவளை கத்துன மாதிரி இருக்கு," என்றார் நூகு.

"மகளைன்னு சொன்னாருல்லா வே? ஒம்ம காதுல என்ன பஞ்சா?" என்றார் அகமது மீரான்.

"மகளைன்னாரு, சரி. என்ன செய்யச் சொன்னாரு? கேக்காததைக் கேட்டேன்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

வீட்டிலுள்ள போன்கள் எல்லாம் இணைப்பை இழுக்கின்றன என்று நினைத்தோம். என் கையிலிருந்தது தவிர அத்தனையையும் அணைத்து மருதாணித் தட்டில் குவித்தோம். மறுபடி அழைத்தோம். அதே தவளை. செல்போன் டேட்டாவில் கூப்பிடலாமே என்று யூனிஸுக்குத் தோன்றி, என் போனில் டேட்டா இல்லாததால் தட்டில் தன் போனைத் தேடி, அதற்கு உயிர் வந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. காக்கா எடுக்கவில்லை.

"தம்பிதான் இருக்காருல்லா, அவரே நடத்தட்டுமே," என்றார் அகமது மீரான்.

"தகப்பன் உயிரோட இருக்கையில அவர் வார்த்தை வேணும்," என்றார் ஹஸ்ரத்.

நிக்காஹ் நடக்காமலே யூனிஸ் எழுந்து போனான். அவனுக்கு அடுத்த லீவு ஒன்றரை வருடம் கழித்து.

மறுநாள் நாலு மணிக்கு இணையக் கம்பெனி ஆள் மாடக்கண்ணு வந்து வேகத்தை அளந்து காட்டினான்.

"நூறு வருது அண்ணாச்சி. லைன் சுத்தமா இருக்கு."

"நூறை வச்சு நாக்கு வழிக்கவா? நேத்து ஒரு வார்த்தை வரலையேலே!"

அவன் எதிரிலேயே சினிமா ஓடவிட்டேன். தடங்கலில்லை. நேற்று காக்காவை அழைத்த செயலியில் அவன் போனுக்கே அழைத்தேன். தவளை. அவனுடைய கம்பெனிச் செயலியில் அழைத்தேன். மணி அடித்தாற்போல் கேட்டது.

மாடக்கண்ணு குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் மத்த செயலியில பேசுத அழைப்பை மட்டும் கம்பெனியில வேணும்னே நெருக்கி வைக்காவ. நம்ம கம்பெனிச் செயலியில பேசினா தெளிவா இருக்கும்."

"விக்கையில ஏம்லே சொல்லலை?"

"எனக்கே ஒங்களுக்கு லைன் குடுத்த பொறவுதான் தெரியும். கம்பெனிக்குப் புகார் எழுதினா எம்பேரை எழுதிராதிய அண்ணாச்சி."

எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் கம்பெனிக்கான கடிதத்தில் நிமிட வாரியாக எழுதினேன்.

"காசு ஏதும் கேட்டுராதிய தம்பி," என்றார் மைனி மஹ்மூதா பீவி. "அந்த ஒரு மணி நேரம் எங்க லைனை என்ன செஞ்சிய, அதுக்கு மட்டும் பதில் கேளுங்க."

ஸமீஹா வாங்கிப் படித்தாள். "கெஞ்சுத மாதிரி இருக்கு சாச்சா. மூணு இடத்துல தயவுசெய்துன்னு போட்டிருக்கிய. அடிங்க."

அடித்தேன். அடித்தல் திருத்தலோடு கடிதம் அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. முழுவதையும் புதிதாக எழுதினேன். உறையை ஸமீஹாவே ஒட்டினாள். தபால் நிலையத்தில் ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலாகக் கொடுத்தேன். எழுத்தர் முத்திரையைக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டார்.