ஜில் தண்ணீர் குடிக்காத ஆள்

பல் சீரமைக்கும் கம்பி தயாரிக்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. வாய்க்குள் போன கம்பி எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கம்பி என்றால், வளைத்தாலும் தன் வடிவத்தை மறக்காத உலோகக் கலவை. குளிர்ந்தால் உள்ளே அணுக்கள் ஒரு மாதிரி அடுக்கிக்கொண்டு தொளதொளத்துவிடும். சூடானால் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டு, விறைத்துப் பல்லை இழுக்கும். இந்த மாற்றத்துக்கான சமன்பாடும் கையுமாகவே திரிந்ததால் ஆபீசில் அவன் பெயரே 'சமன்பாடு'.

மூன்று வாரமாகச் சமன்பாட்டின் பாடு திண்டாட்டம். கணக்கு சொன்னதில் முக்கால்வாசி தூரம்தான் நிஜப் பற்கள் நகர்ந்திருந்தன. ஒரு எண்ணைச் சரிசெய்தால் இன்னொன்று முரண்டு பிடித்தது. மேலாளர் அம்மா தினமும் எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் போனார். அது திட்டுவதைவிட மோசம்.

பல் டாக்டரான அக்காவிடம் சாப்பிடும்போது புலம்பினான். கணக்கில் வாயின் சூடு எவ்வளவு என்று அவள் விசாரித்தாள். நாள் முழுக்க முப்பத்தேழு டிகிரி என்றான்.

"உன் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளு ஜில்லுனு தண்ணியே குடிக்க மாட்டானாடா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். ஐஸ் போட்ட ஜூஸ் குடித்தால் கம்பி இருப்பதே தெரியவில்லை, காபி குடித்தால் சுண்டி இழுக்கிறது என்று அவளிடம் வருபவர்கள் எப்போதும் சொல்வதுதானாம்.

"இத ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப கேட்ட?"

மறுநாள் காலை, நூல் மாதிரி ஒரு வெப்பமானியை அவன் கடைவாய்ப் பல்லில் ஒட்டிவிட்டாள். அன்று முழுக்கக் காபி, ஐஸ் தண்ணீர், வாய் பிளந்த கொட்டாவி என எல்லாமே பதிவாயின. மீட்டிங்கில் வேலை நன்றாகப் போகிறது என்று சொல்ல வாயைத் திறந்தால் வேறு ஏதோ பாஷை வந்தது. மேலாளர் அம்மா கவலையோடு, வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பதிவைக் கம்ப்யூட்டர் கணக்கில் கொடுத்ததும் விஷயம் விளங்கியது. தொளதொளக்க ஒரு வெப்பநிலை என்றால், மறுபடி விறைக்க அதைவிட மேலே ஒன்று. வாய் சூடேறத் தொடங்கியும் அந்த இடைவெளியைத் தாண்டும்வரை கம்பி சோம்பிக் கிடந்தது. ஒவ்வொரு மடக்கு ஜில் தண்ணீருக்கும் அதற்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. அந்த ஓய்வையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால், பற்கள் நகர்ந்த தூரம் ஏறக்குறைய அப்படியே வந்தது. அவன் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றினான்.

மேலாளர் அம்மா வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். ஒருத்தர் வாயை வைத்து ஊருக்கே கம்பி செய்ய முடியாது, பத்து வாயாவது வேண்டும் என்றார். சுற்றி நின்றவர்களுக்குத் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அக்காவின் கிளினிக்கில் மேலாளர் அம்மாதான் முதல் ஆளாக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.