இரண்டு தடவை அழுத்தினால்

மனித நாகரிகமே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. அந்த நம்பிக்கையை ஒரு நொடியில் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றிவிடுவதே எங்கள் பிறவிப்பயன் என்று அந்தப் பணப்பரிமாற்றச் செயலி நிறுவனத்தின் வரவேற்பறைச் சுவரில் பொன்னெழுத்தில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே இருந்த கதவு, அடையாள அட்டையை மூன்று முறை தேய்த்தால் ஒரு முறை திறக்கும்.

அந்தக் கதவு வழியாக ஒன்பது வருடம் போய் வந்த தலைமைப் பொறியாளரை, அவருடைய சொந்த வேலைக்கே நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மறுசீரமைப்பாம். யாரையும் வெளியே அனுப்பவில்லை, எல்லாரும் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று மனிதவள அதிகாரி கனிவாக விளக்கினார். தேறாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பொறியாளரின் மனைவிக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன். மருத்துவக் காப்பீடு நிறுவனத்துடையது. வேலை போனால் அதுவும் அன்றைக்கே போகும். ஒரு வாரமாக அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தார். மனைவிக்கு விஷயம் தெரியாது.

கண்ணாடி அறையில் நேர்காணல் எடுத்த பெண் வேறு கிளையிலிருந்து வந்தவள். சேர்ந்து ஏழு மாதம். கேள்வி வங்கியைத் திறந்து பதினேழாம் கேள்வியை வாசித்தாள்: வாடிக்கையாளர் அவசரத்தில் ‘அனுப்பு’ பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டால், பணம் இரண்டு தடவை போகாமல் எப்படித் தடுப்பீர்கள்?

பொறியாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் கேள்வியை எழுதியவரே அவர்தான். பலகையில் படம் போட்டு விளக்கினார்: ஒவ்வொரு அனுப்புதலுக்கும் ஓர் எண், அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸே அதைத் துப்பிவிடும்.

அவள் உதட்டைப் பிதுக்கினாள். விடைக்குறிப்பில் வேறு மாதிரி இருக்கிறதாம். அந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பதிய வேண்டும்.

அதுவும் அவர் எழுதியதுதான். சுத்தத் தப்பு. இரண்டு அழுத்தலும் ஒரே கணத்தில் வந்தால், இரண்டும் எட்டிப் பார்க்கும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்று வரும், இரண்டும் உள்ளே போய்விடும். இது அவருக்குப் புரிந்து ஒரு வருடமாகிறது. இப்போது வாயைத் திறந்தால், அதே மாதிரி அவரே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் இரண்டு தடவை போனதாக வந்த புகார்களுக்கெல்லாம் வாடிக்கையாளரின் விரல் நடுக்கமே காரணம் என்று அவர் கையெழுத்திட்ட அறிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

“விடை தப்பா இருக்க வாய்ப்பிருக்காம்மா?” என்று மட்டும் கேட்டுப் பார்த்தார்.

“எழுதினவரு பேர் இதுல இல்ல சார், ஆனா பெரிய ஆளாம். இந்தக் கேள்வியிலயே எழுபது பேரு போயிருக்காங்க. நானே மனப்பாடம் பண்ணித்தான் உள்ள வந்தேன்.” பிறகு அவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள். “ஒரு க்ளூ தரட்டுமா? முதல்ல என்ன பண்ணணும்? பார்...”

“பார்க்கணும்.”

“அப்புறம்?”

“பதியணும்மா,” என்றார். பலகையில் இருந்த படத்தை உள்ளங்கையாலேயே அழித்தார்.

சாயங்காலம் முடிவு வந்தது. தேர்ச்சி. குறிப்பு: அடிப்படை பலவீனம், எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார். மாடிப்படியில் நின்று மனைவிக்குப் போன் செய்து நேர்காணல் விஷயத்தை அப்போதுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமையையே உறுதி செய்யச் சொன்னார்.

“ரொம்பக் கஷ்டமா கேட்டாங்களாங்க?”

“எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கேள்விதான்.”

பதினேழாம் கேள்விக்கு அவருக்குக் கிடைத்தது ஐந்துக்கு இரண்டு.