கறுப்புப் பக்கம்

அம்மா ஏழாம் வகுப்பைத் தாண்டவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அதைச் சட்டம் போட்டு, உள்ளே வருகிறவன் தலையில் இடிக்கிற உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே ஊசிமருந்து கம்பெனியில்தான் வேலை. நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து நாலு மாதம். அவள் பத்தொன்பது வருடமாகக் குப்பி பார்க்கிறாள்.

குப்பி பார்ப்பது என்றால், விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு மருந்துக் குப்பியையும் கவிழ்த்து நிமிர்த்தி, உள்ளே தூசு துரும்பு இருக்கிறதா என்று பார்ப்பது. எதிரே ஒரு பலகை. பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

அன்று காலை ஒரே தட்டில் பதினோரு குப்பிகளை ஒதுக்கி வைத்தாள். எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லு என்றாள். அதிகாரி வந்தார், பின்னாலேயே சோதனைத் தாளோடு நானும். அவர் மாட்டியிருக்கும் கண்ணாடியின் கனத்துக்காக அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது அம்மாதான் என்பது அவருக்கும் தெரியும்.

"மெஷின் பாஸ் பண்ணின சரக்கும்மா இது. சாயங்காலம் லாரி ஏறணும். உனக்குக் கண்ணு மங்கிடுச்சு, ஒத்துக்க."

"எனக்கா? நீங்க முதல்ல உங்க கண்ணாடியத் தொடைங்க சார். எனக்கு நல்லாத் தெரியுது."

"உனக்கு என்ன தெரியும்?"

அவள் சொன்னது கண்ணை. அவர் கேட்டது படிப்பை.

"படிச்ச பொண்ணையே கேப்போம். வாம்மா, இங்க உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினொன்றிலிருந்து ஐந்தை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது மருந்து. 'படிச்ச பொண்ணு' என்ற சொல் வேறு தலைக்கு ஏறியிருந்தது.

"ஒண்ணும் இல்ல சார்."

சோதனைத் தாளில் 'சில்லு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"கேட்டியா? உன் பொண்ணே சொல்லிட்டா. நாளையிலேர்ந்து நீ பெட்டி ஒட்டப் போ."

தேநீர் இடைவேளையில் உடை மாற்றும் அறைக்குப் போய் அவளைப் பிடித்தேன்.

"அப்படி எதைத்தாம்மா பாத்த? எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"பட்டம் வாங்கினவ என்கிட்ட எதுக்குடி கேக்குற? உன் புத்தகத்துல போடலையா?"

போட்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த வாரம் வைத்த தேர்வில் முதல் கேள்வியே அதுதான். கறுப்புத் துகளுக்கு வெள்ளைப் பலகை, கண்ணாடிச் சில்லுக்குக் கறுப்புப் பலகை. நூற்றுக்கு நூறு வாங்கிய மகராசி நான், வெள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாடியைத் தேடியிருக்கிறேன்.

"அந்தாளு வெள்ளப் பக்கமா நாற்காலியப் போட்டான். நீயும் சமத்தா உக்காந்த."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா? இல்லன்னு சொல்றதுக்கு என்னா அவசரம் உனக்கு!"

கேட்டிருக்க மாட்டேன். அதுதான் அதிகம் எரிந்தது.

திரும்பிப் போய் நாற்காலியைக் கறுப்புப் பக்கம் இழுத்தேன். அதே ஐந்து குப்பிகள். முதல் குப்பியைக் கவிழ்த்ததும் ஊசிமுனை அளவில் ஒன்று மின்னி விழுந்தது. இன்னும் இரண்டில் அதே மின்னல். மீதி இரண்டில் கண் வலிக்கப் பார்த்தும் அகப்படவில்லை. பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'மூன்றில் சில்லு இருக்கிறது. இரண்டில் எனக்குத் தெரியவில்லை.'

பூதக்கண்ணாடி தாளைப் பிடுங்கிப் படித்தார். "என்ன இது? படிச்சவ தெரியலன்னு எழுதுவாளா? அந்த ரெண்டுல இல்லன்னு எழுது. ஏதோ மூணு கழிவுன்னு தள்ளிட்டு மிச்சத்த அனுப்பலாம்."

"தெரியலன்னாத் தெரியலதான் சார். இல்லன்னு ஒரு தடவை எழுதினதே தப்பு."

"உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. ஞாபகம் இருக்கா?" என்று தன் பேனாவை நீட்டினார்.

"இருக்கு. உங்க பேனா வேணாம், என்கிட்டயே இருக்கு."

அடித்து எழுதிய தாளை வைத்துக்கொண்டு சரக்கை லாரியில் ஏற்ற முடியாது. என்னைத் திட்டிக்கொண்டே தொலைபேசியைத் தேடிப் போனார்.

அம்மா பின்னால் நின்றிருந்தாள். பாராட்டுவாள் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"எந்திரி. அது என் நாற்காலி."

எழுந்தேன். அந்த இரண்டு குப்பிகளையும் கறுப்புக்கு எதிரே ஒரே ஒரு முறை கவிழ்த்தாள். கழிவுப் பெட்டியில் போட்டாள்.

"கண்ணா புண்ணாடி அது? இந்த ரெண்டுலதான் பெருசா இருக்கு."