தங்கையின் சோதனைக்கு உட்கார்ந்தவள்

மூளையையும் மனதையும் பற்றிய முதுகலைப் படிப்பில் அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்த்துவிட்டு ஆசை ஆசையாக வந்து சேர்ந்தவள் அக்கா. "நீ படிக்கறதையே நானும் படிக்கறேன்" என்று ஒட்டிக்கொண்டு வந்தவள் தங்கை. பேராசிரியையின் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் இடம் காலியானது. இருவரும் கேட்டார்கள், தங்கைக்குப் போனது. அன்று பிடித்த வயிற்றெரிச்சல் அக்காவுக்கு அடங்கவே இல்லை. அம்மா போனில் சின்னவளைப் புகழ ஆரம்பித்தால், "சிக்னல் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாள்.

ஒருநாள் தங்கை நடத்தும் மூளையலைச் சோதனைக்கு உட்கார வர வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, நீ உக்காரேன். நாளைக்கு மேடம்கிட்ட காட்டியாகணும்."

மறுக்க முடியவில்லை. தங்கை அவள் தலையில் மின்முனைகள் பதித்த துணித்தொப்பியை மாட்டி, துளைதோறும் பசையைச் செலுத்தினாள். "அசையாதேக்கா." எனக்கே உத்தரவு போடுகிறாளா என்று அக்கா கருவினாள்.

திரையில் முகங்கள் வந்தன. சிரித்த முகத்துக்குப் பொத்தானை அழுத்த வேண்டும். தாடையை இறுக்கினால் தசையின் துடிப்பு மூளையின் சன்னமான அலைகளை மூழ்கடித்துவிடும் என்பது அக்காவுக்குத் தெரியும். இறுக்கினாள்.

"தாடையைத் தளர்த்திக்கோக்கா" என்று தங்கை அறைக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சரி, சரி." கொஞ்சம் விட்டாள். மறுபடி இறுக்கினாள்.

முடிந்ததும் தங்கை உள்ளே வந்தாள். பதிவான கோடுகளெல்லாம் கிறுக்கலாக இருந்தன.

"வேணும்னே பண்ணியா?"

"ஆமா. நான் ஆசைப்பட்டு வந்த படிப்பு இது. நீ உள்ள போயிட்டே, நான் வாசல்ல நிக்கறேன். எரியாதா?"

"எரிஞ்சா என்கூட சண்டை போடு. என் வேலையில கை வைப்பியா?"

அக்கா தலைகுனிந்தாள். "இன்னொரு தடவை உக்காரறேன்."

"வேண்டாம். உன்னை நம்ப மாட்டேன்."

அக்கா பசை வழியும் தலையோடு வராந்தாவுக்கு ஓடினாள். வகுப்பில் முன்வரிசையிலேயே குறட்டை விடும் 'தூங்குமூஞ்சி' அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"தூங்கித் தொலைச்சிடாதேடா!"

அன்றைக்கென்று அவன் விழித்திருந்தான். கோடுகள் தெளிவாக ஓடின. தங்கையின் தோளுக்குப் பின்னால் நின்று அவற்றைப் பார்த்தபோதும் அக்காவுக்கு நெஞ்சு எரியத்தான் செய்தது.

"தலையைக் கழுவிட்டு வா, சேர்ந்து போலாம்" என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீ போ. எனக்கு நேரமாகும்" என்று சொல்லிவிட்டு அக்கா குழாயடிக்கு நடந்தாள்.